மனையினுள் மறைகதிர்

காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருப்பெரும்பூதூர், இராமானுசர் பிறந்த ஊர் என்னும் பெருமையால் பன்னூறு ஆண்டுகளாக மக்கள் நாவில் வழங்கி வருவது. இன்று அவ்வூரின் பெயரைச் சொன்ன அளவிலே நம் மனக்கண்முன் தோன்றுவன தொழிற்சாலைகள். அவ்வூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதலும், ஒரகடத்தில் 2010 முதலும் மகிழுந்துகள் உருவாகி வெளிவருகின்றன. தொழிற்சாலைகள் பெருகவே தொழிலாளரும் பெருகினர். தொழிலாளர் பெருகவே வீடுகளும் பெருகின. நேற்று நெற்கதிர் ஆடிய வயல்களில் இன்று மாடிவீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன.

அண்மையில் ஒரகடத்தை அடுத்த ஓர் ஊரில் நடந்த புதுமனை புகுவிழாவிற்கு நான் சென்றிருந்தேன். வீட்டுக்கு உரியவர் முன்னொரு காலத்தில் என்னிடம் தமிழ் பயின்றவர். கூடத்துத் தரையில் முகம் பார்க்கத்தக்க மெருகுடன் கிரானைட்டுப் பலகைகள் பதிக்கப்பட்டிருந்தன. விருந்து முடிந்தபின் அவர் என்னைத் தனியே அழைத்து, “ஐயா, இந்தக் கல்லிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் வெளிப்படும் என்றும், குழந்தைகள் இதன்மேல் படுத்துறங்குதல் ஆகாது என்றும் உறவினர் ஒருவர் சொல்லிச் சென்றார். அன்று முதல் எனக்கும் என் மனைவிக்கும் உறக்கமில்லை. அது மெய்தானா?” என்று வினவினார். இலக்கணத்தில் ஐயம் எழுப்பியிருந்தால் நின்ற நிலையிலேயே விடை கூறியிருப்பேன். இது வேறு துறை. “சின்னாள் பொறுத்திருங்கள், கற்றறிந்து வந்து சொல்கின்றேன்” என்று கூறி விடைபெற்றேன். அறிவியல் ஆசிரியர் ஒருவரை அடுத்துக் கேட்டும், நூல்களைப் பயின்றும் நான் அறிந்தவற்றையே மாணவர்களாகிய உங்களுக்கு ஈண்டுக் கூறப்புகுகின்றேன்.

கதிர் என்னும் சொல் தமிழில் ஞாயிற்றின் ஒளிக்கீற்றையும், நெல்லின் மணிக்கொத்தையும், நூல் நூற்கும் கருவியின் ஊசியையும் குறிக்கும். மூன்றும் ஓரிடத்திலிருந்து நீண்டு செல்லும் இயல்புடையன. அணுவின் உட்கருவிலிருந்து புறப்பட்டுச் செல்வதற்கும் அறிஞர் அப்பெயரையே இட்டது பொருத்தமே. யுரேனியம் கலந்த உப்பு, ஒளிபடாத இடத்தில் வைத்திருந்த நிழற்படத் தகட்டையும் கறுக்கச் செய்வதை 1896-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் பெக்கரல் கண்டார். அன்று தொடங்கியது கதிரியக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சி. மனிதன் அணுவைப் பிளந்த பின்னரே இக்கதிர்கள் தோன்றின என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. உலகம் தோன்றிய நாள்தொட்டு மண்ணிலும் கல்லிலும் யுரேனியம், தோரியம் என்னும் தனிமங்களும், பொட்டாசியத்தின் ஒரு வகையும் இருந்துகொண்டே கதிர்களை வீசி வருகின்றன. நாம் உண்ணும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் உண்டு. நம் உடம்பிலும் உண்டு. வளர்ந்த ஒருவரின் உடம்பினுள் இப்பொட்டாசிய அணுக்களில் ஏறத்தாழ நாலாயிரம் ஒவ்வொரு நொடியிலும் சிதைந்துகொண்டிருக்கின்றன என்றால், கதிரே இல்லாத இடத்தை நாடி எங்ஙனம் செல்வது?

மண்ணே அன்றி வானும் கதிர்களைத் தருகின்றது. மண்ணிலிருந்து மேலே செல்லச் செல்லக் கதிர் குறையவேண்டும் என்று அறிஞர் முதலில் கருதினர். வுல்ஃப் என்னும் பாதிரியார் 1910-இல் பாரிசு நகரத்து ஈபெல் கோபுரத்தின் உச்சிக்கே தம் கருவியை எடுத்துச் சென்று அளந்தார். கதிர் அவர் எதிர்பார்த்த அளவிற்குக் குறையவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1912 ஆகஸ்டு 7-ஆம் நாள், விக்டர் ஹெஸ் என்னும் ஆஸ்திரிய நாட்டார் ஆவிக்கூண்டில் ஏறி ஐயாயிரம் மீட்டருக்கும் மேலே சென்று அளந்தபோது, கதிர் குறைவதற்கு மாறாகப் பெருகக் கண்டார். விண்வெளியினின்று கதிர்கள் வருகின்றன என்பது அதனால் விளங்கிற்று. இக்கண்டுபிடிப்பிற்காக 1936-இல் அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. ஆகவே உதகமண்டலத்தில் வாழ்பவர் திருப்பெரும்பூதூரில் வாழ்பவரைவிட வான்கதிரைச் சிறிது மிகுதியாகப் பெறுவர்.

கதிரை அளப்பதற்கு இரண்டு அலகுகளை நீங்கள் அறிந்துகொள்ளுதல் வேண்டும். உடம்பில் பதியும் கதிராற்றலின் அளவைக் கிரே என்பர். அவ்வாற்றல் உடம்பிற்குச் செய்யக்கூடிய விளைவைக் கருதிக் கணக்கிடும் அளவைச் சீவர்ட் என்பர். இரண்டும் அறிஞர்களின் பெயர்களே. இவை மிகப் பெரிய அலகுகள் ஆதலின், ஆயிரத்தில் ஒரு பங்காகிய மில்லிகிரே, மில்லிசீவர்ட் என்பவற்றையே நாம் எடுத்தாளுவோம். இயற்கையிலிருந்து மனிதன் ஓராண்டில் பெறும் கதிர் உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் என்று ஐக்கிய நாடுகள் அவையின் அறிவியற் குழு கணக்கிட்டுள்ளது. இதில் வானிலிருந்து வருவது ஏறத்தாழ 0.4; மண்ணிலிருந்தும் கட்டடத்திலிருந்தும் வெளிப்பட்டு உடம்பைத் தாக்குவது ஏறத்தாழ 0.5; உணவினாலும் நீரினாலும் உட்செல்வது ஏறத்தாழ 0.3. இவற்றைக் கூட்டிப் பார்த்தால் பாதி அளவே வரும். மீதிப் பாதி யாது? அதுவே இப்பாடத்தின் முதன்மைப் பொருள்களுள் ஒன்று, பின்னர்க் கூறுவேன்.

வெளியே நிற்பவனைவிட வீட்டினுள் இருப்பவன் மண்ணின் கதிரை மிகுதியாகப் பெறுகின்றான் என்பது பலருக்கு வியப்பளிக்கும். வெயிலுக்கும் மழைக்கும் அரணாவது வீடு. கதிருக்கு மட்டும் அரணாகாதோ என்று தோன்றும். வெட்டவெளியில் காலடியில் உள்ள மண் ஒன்றே கதிரை வீசுகின்றது. வீட்டினுள்ளோ தரையும், நான்கு சுவர்களும், மேல்தளமும் ஆகிய எல்லாம் கல்லாலும் மண்ணாலும் ஆனவை. எல்லாப் பக்கத்திலிருந்தும் கதிர் வரும். உலகச் சராசரியை நோக்கின், வெளியிடத்தில் ஒரு பங்கு என்றால் வீட்டினுள் 1.4 பங்கு இருக்கும். மரத்தால் கட்டிய வீடுகளில் இம்மிகுதி இல்லை.

இதனை முதன்முதலாக வீடுவீடாகச் சென்று விரிவாக அளந்த நாடுகளுள் சுவீடன் ஒன்று. அந்நாட்டில் 1929 முதலாக ஒருவகை இலேசான கற்கட்டிகளை வீடு கட்டப் பயன்படுத்தினர். யுரேனியம் செறிந்த ஒருவகைக் களிப்பாறையிலிருந்து அவை செய்யப்பட்டன. வெப்பத்தை வெளிவிடாது காப்பதனால் குளிர்நாட்டு மக்கள் அவற்றைப் பெரிதும் விரும்பினர். ஹுல்ட்குவிஸ்ட் என்னும் அறிஞர் 1956-இல் பல்வகை வீடுகளில் அளந்து வெளியிட்ட நூலால் அக்கற்கட்டிகளின் இயல்பு வெளிப்பட்டது. எனினும் அவற்றைச் செய்வது 1975-இல்தான் நின்றது. அளந்தறிந்தபின்னும் இருபது ஆண்டுகள் வாளா இருந்ததை எண்ணுங்கால், மக்கள் தம் வசதியை விட்டுக்கொடுக்க எத்துணைத் தயங்குவர் என்பது புலனாகின்றது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். கன்னியாகுமரி மாவட்டத்தில், கடற்கரையை ஒட்டி, மணவாளக்குறிச்சி என்னும் ஊர் உள்ளது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழ்நாட்டோடு இணைவதற்கு முன்னர் அது திருவிதாங்கூரைச் சார்ந்திருந்தது. அவ்வூர்க் கடற்கரையில் கருமணல் மிகுதியாகக் காணப்படும். மேற்குத் தொடர்ச்சி மலைகளின் பாறைகள் வெயிலாலும் மழையாலும் சிதைந்து, ஆறுகளால் அடித்துக்கொண்டு வரப்பட்டுக் கடலையடைகின்றன. அங்கே அலைகள், நம் வீட்டுப் பெண்டிர் சுளகில் அரிசியைப் புடைப்பதுபோல, அம்மணலைப் புடைக்கின்றன. இலேசான வெண்மணலைக் கடல் இழுத்துச் செல்ல, கனத்த மணல் கரையிலேயே தங்குகின்றது. அவ்வாறு தங்குவனவற்றுள் இல்மனைட்டு, ரூட்டைல், சிர்க்கான், கார்னெட்டு என்பவற்றோடு மோனசைட்டு என்பதும் ஒன்று. சாதாரண மணலைப்போல் ஏறத்தாழ இருமடங்கு கனமுடையது மோனசைட்டு. அதனுள் நூற்றுக்கு எட்டு ஒன்பது பங்கு தோரியமும், மிகச் சிறிதளவு யுரேனியமும் உள்ளன.

இம்மணல் உலகிற்கு வெளிப்பட்ட வரலாறு சுவையானது. திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிச் சென்ற தென்னங்கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணல் துகள்களைக் கண்ட ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், அவற்றில் மோனசைட்டு இருப்பதை உணர்ந்தார். அதன் பிறப்பிடத்தைத் தேடி வந்து 1909-இல் மணவாளக்குறிச்சியில் அதனைக் கண்டறிந்தார். அக்காலத்தில் தோரியத்திற்குப் பெரும் தேவை இருந்தது. திருமண ஊர்வலங்களில் தலைமேல் ஏந்திச் சென்ற பெட்ரோமாக்ஸ் விளக்கினை உங்கள் பாட்டனார் நன்கு அறிவர். அதனுள் வெண்ணிறமாக ஒளிவிடும் வலைப்பை தோரியத்தின் ஆக்சைடினால் ஆனது. ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகளும் அன்று அவ்வகையினவே. பயிர்விளையாத உவர்க்கரையின் மணல் உலகிற்கு ஒளி தந்தது! நாடு விடுதலை பெற்றபின், 1950-இல், இந்திய அருமண் நிறுவனம் அரசினரால் நிறுவப்பட்டது. மணவாளக்குறிச்சி ஆலை 1965-இல் அதன் பொறுப்பில் வந்தது.

மணவாளக்குறிச்சிக்கு வடமேற்கே, கேரளத்துக் கொல்லம் மாவட்டத்தில், சவரை, நீண்டகரை, பன்மனை, ஆலப்பாடு முதலிய ஊர்கள் கருநாகப்பள்ளி வட்டத்தில் அமைந்துள்ளன. அங்கும் இதே மணல், இங்குள்ளதினும் மிகுதி. இம்மணலின்மேல் குடிசை கட்டி, மணலிலேயே குழந்தைகளை விளையாடவிட்டு, மீன்பிடித்தும் கயிறு திரித்தும் தலைமுறை தலைமுறையாக மக்கள் நெருங்கி வாழ்ந்து வருகின்றனர். அங்குள்ள சில இடங்களில் ஆண்டிற்கு 70 மில்லிகிரே வரையில் மண்ணின் கதிர் வீசுகின்றது. உலகத்தில் பிற இடங்களின் சராசரியினும் இது நூறு மடங்குக்கு மேற்பட்டது. இம்மக்களுக்குத் தீங்கு நேர்கின்றதா? நேர்கின்றதாயின் அவர்களை அங்கிருந்து பெயர்த்தல் வேண்டுமா? கடலை நம்பி வாழ்பவனைக் கடற்கரையினின்று பெயர்ப்பது மரத்தை வேரோடு பிடுங்குவதற்கு ஒப்பாகும். நேரவில்லையாயின், அவர்களை அச்சுறுத்துவது பெரும் பிழையாகும். இரண்டில் எது மெய் என்று துணிவதற்குப் பேச்சும் ஊகமும் பயன்படா. அளத்தல் ஒன்றே பயன்படும்.

முதலில் எலிகளை ஆராய்ந்தனர் என்றால் நீங்கள் நகைப்பீர்கள். மனிதன் ஊர்விட்டு ஊர் செல்வான். எலியோ பிறந்த மணலிலேயே வாழ்ந்து மடியும். மேலும் ஒரு மனிதத் தலைமுறைக்குள் எலிகளின் பல தலைமுறைகள் கடந்துவிடும். ஆதலின் குரூனபெர்க் என்னும் அறிஞரும் அவருடைய துணைவரும் இம்மணற்பரப்பின் எலிகளையும் பிற இடத்து எலிகளையும் பிடித்து, அவற்றின் எலும்புகளையும் பற்களையும் ஒப்பிட்டு, 1966-இல் தம் முடிவை வெளியிட்டனர். கதிரின் விளைவு என்று கூறத்தக்க வேற்றுமை எதனையும் அவர்கள் கண்டிலர்.

எலிகளின் சான்று மனிதருக்கு முழுவதும் பொருந்தாது அன்றோ? எனவே திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையத்தினர், கருநாகப்பள்ளியில் 1990-இல் ஒரு பதிவகம் தொடங்கினர். அவ்வட்டத்தில் புற்றுநோய் வந்தவர் ஒவ்வொருவரையும் பதிந்துகொள்வது அதன் கடமை. அதனோடு அவர்கள் மேற்கொண்ட பணிதான் வியக்கத்தக்கது. வட்டம் முழுவதும் வீடுவீடாகச் சென்றனர். மக்கள் எத்துணையர்? 3,85,103 பேர். 71,000-க்கு மேற்பட்ட வீடுகளில் உள்ளும் புறமும் கதிரை அளந்தனர். அடுத்த வீட்டை அளந்தோமே, இவ்வீட்டிலும் அவ்வாறே இருக்கும் என்று விட்டுவிடவில்லை. இம்மணல் ஓரிடத்தில் திட்டாகச் செறிந்தும், பத்தடி தள்ளி அருகியும் கிடப்பது. ஆதலால் ஒரு வீட்டின் அளவு மற்றொரு வீட்டிற்குப் பொருந்தாது.

அளக்கும் கருவியின் இயல்பையும் சிறிது கூறுதல் வேண்டும். சில வகைப் படிகங்களின்மேல் கதிர் பட்டால் நுண்ணிய ஒளித்துளி ஒன்று மின்னி மறையும். அத்துளியைக் கண்ணால் காண இயலாது. அதனைப் பிடித்து மின்துடிப்பாக மாற்றி எண்ணும் பொறி படிகத்தின் பின்னே பொருத்தப்பட்டிருக்கும். ஒரு நிமிடத்தில் எத்தனை துடிப்புகள் என்பதைக்கொண்டு கதிரின் அளவு அறியப்படும். கையில் தூக்கிச் செல்லத்தக்க சிறு கருவி அது. படுக்கை கிடக்கும் அறையில் சிறிது நேரம், வாயிற்புறத்தில் சிறிது நேரம் என அளந்து குறித்துக்கொள்வர். இது அந்நேரத்து அளவை மட்டும் காட்டும். மாதக்கணக்கில் சேரும் அளவை அறிய வேறொரு வழி உண்டு. கால்சியம் சல்பேட்டுப் போன்ற பொருளின் துகள்களை ஒரு சிறு வில்லையில் அடைத்து வீட்டினுள் தொங்கவிடுவர். வந்து தாக்கும் கதிரின் ஆற்றலை அத்துகள்கள், கஞ்சன் காசைச் சேர்ப்பதுபோலச் சேர்த்து வைத்துக்கொள்ளும். சில மாதம் கழித்து எடுத்துச் சூடேற்றினால், சேர்த்ததை எல்லாம் ஒளியாக வெளிவிடும். ஒளியின் அளவே கதிரின் அளவு.

கருவியால் வீட்டை அளந்துவிடலாம். மனிதனை அளப்பது எங்ஙனம்? ஒருவன் நாளின் பெரும்பகுதியைக் கடலில் கழிக்கின்றான். அவன் மனைவி வீட்டிலேயே இருக்கின்றாள். பள்ளிச் சிறுவன் பாதி நேரம் வேறு கட்டடத்தில் இருக்கின்றான். கடலின்மேல் இருப்பவனுக்கு மண்ணின் கதிர் இல்லை. ஆதலின் ஆய்வினர், ஆண்பெண் வேற்றுமையும் அகவையும் கருதி, இன்னார் வீட்டினுள் எத்தனை மணிநேரம், வெளியே எத்தனை மணிநேரம் இருப்பர் என்பதையும் கணக்கிட்டு, வீட்டின் அளவோடு பெருக்கி ஒவ்வொருவருக்கும் உரிய அளவைக் கண்டனர். புகைபிடித்தல், வெற்றிலைபாக்கோடு புகையிலை மெல்லுதல், கல்வி, தொழில் என்பவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டனர். இவற்றைக் கேளாது விட்டிருந்தால் ஆய்வே பாழாகியிருக்கும். பீடியால் வந்த நோயை மணலின்மேல் ஏற்றிக் கூறும்படி நேரும் அன்றோ?

இவ்வாறு ஆராயப்பட்டவருள் 30 முதல் 84 அகவை வரையிலான 69,958 பேரைத் தேர்ந்து, சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். 2005-ஆம் ஆண்டின் இறுதிவரையில் அவர்களுள் 1,379 பேருக்குப் புற்றுநோய் கண்டது. அவற்றுள் 30 குருதிப்புற்று. கதிர் மிகுந்த வீட்டில் வாழ்ந்தவருக்கு நோய் மிகுந்ததா என்று ஒப்பிட்டு நோக்கியபோது, மிகுந்ததாகத் தெரியவில்லை. இம்முடிவு 2009-இல் வெளியாயிற்று.

இதனைக் கேட்டவுடன், கதிரால் தீங்கே இல்லை என்று துள்ளி எழுதல் கூடாது. அணுகுண்டினால் தாக்குண்ட இரோசிமா, நாகசாகி மக்களிடம் புற்றுநோய் மிகுந்தது என்பது ஐயமின்றித் தெளியப்பட்ட உண்மை. அங்கே கதிர் ஒரு நொடியில் வந்து தாக்கிற்று; இங்கே வாழ்நாள் முழுவதும் துளித்துளியாக வருகின்றது. ஒரு குடம் நீரை ஒருங்கே தலையில் கொட்டுவதும், அதே நீர் ஓராண்டில் சொட்டுச் சொட்டாக விழுவதும் ஒன்றாகுமா என்பதே வினா. மேலும் பத்தரை ஆண்டு என்பது புற்றுநோயை ஆராய்வதற்கு நீண்ட காலம் அன்று; சிறிய தீங்கு ஒன்று இருந்து, இத்தனை பேரிடம் வெளிப்படாமல் மறைந்திருத்தலும் கூடும். ஆய்வு செய்தவர்கள் தம் சொற்களை அளந்தே கூறினர். அவர்கள் அவ்வாறு அடக்கமாகக் கூறியதே அவ்வாய்வின்மேல் எனக்கு நம்பிக்கை உண்டாகக் காரணம். எவ்வாறாயினும், மக்களை மணலினின்று பெயர்க்கவேண்டும் என்று கூறுவதற்கு அந்த எழுபதினாயிரம் வீடுகளின் கணக்கு இடம் தரவில்லை.

முன்னர் விடாது நிறுத்திய மீதிப்பாதிக்கு இப்போது வருவோம். அது ரேடான் என்னும் வளி. யுரேனியம் படிப்படியாகச் சிதையும்போது ரேடியமாகி, ரேடியத்திலிருந்து ரேடான் பிறக்கின்றது. தாயும் பாட்டியும் கல்லாய்க் கிடக்க, மகள் மட்டும் காற்றாய்ப் பறப்பதுபோன்றது இது. நிறமும் மணமும் சுவையும் இல்லாத இவ்வளி, மண்ணின் துளைகள் வழியே மேலெழுந்து, தரையின் வெடிப்புகளிலும் குழாய்கள் நுழையும் இடுக்குகளிலும் புகுந்து வீட்டினுள் தங்கும். நான்கு நாளில் ஏறத்தாழப் பாதி சிதைந்துவிடும். தோரியத்திலிருந்தும் இத்தகைய வளி பிறக்கின்றது. அது ஒரு நிமிடத்திற்குள்ளேயே பாதியாகச் சிதைந்து போவதால் சுவரைவிட்டு நெடுந்தொலைவு செல்ல இயலாது. ரேடான் சிதைந்து தோன்றும் பிள்ளைகள் மீண்டும் திண்பொருள்களாகித் தூசியில் ஒட்டிக்கொள்கின்றன. அத்தூசியை நாம் மூச்சோடு இழுத்தால் நுரையீரலில் படிந்து அங்கிருந்தே கதிர் வீசும். ஒரு தாளைக் கடக்கவும் வலியற்ற கதிர் அது. ஆயின் நுரையீரலுக்குள் தடுப்பதற்குத் தாள் ஏது? பல நாடுகளில் நுரையீரற் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த காரணம் ரேடான் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. புகைபிடிப்பவருக்கு இதனால் வரும் இடர், பிடிக்காதவருக்கு வருவதைப்போல் இருபத்தைந்து மடங்கு என்றும் அது கணக்கிட்டுள்ளது.

வீட்டினுள் இவ்வளி இத்துணைப் பெருகக்கூடும் என்பதை உலகம் உணர்ந்தது ஒரு வியப்பான நிகழ்ச்சியால். அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி வாட்ராஸ் என்னும் பொறியாளர், கட்டி முடியுந் தறுவாயிலிருந்த அணுமின் நிலையம் ஒன்றில் பணியாற்றி வந்தார். பணி முடிந்து வெளியே செல்வோர் மேனியில் கதிர்த்தூசி ஒட்டியிருந்தால் எச்சரிக்கை மணி ஒலிக்கும் வாயில் ஒன்று அங்கு இருந்தது. 1984 டிசம்பரில் அவர் அதனைக் கடக்கும்போதெல்லாம் மணி ஒலித்தது. நிலையமோ இன்னும் மின்னாற்றல் உண்டாக்கத் தொடங்கவில்லை. அவர் ஒருநாள் காலையில் உள்ளே நுழைந்தவுடன், பணியிடத்திற்குச் செல்லாமலே, அவ்வாயிலில் நின்று பார்த்தார். அப்போதும் மணி ஒலித்தது. நிலையத்திலிருந்து தூசியை வீட்டிற்குக் கொண்டு செல்லவில்லை. வீட்டிலிருந்தே நிலையத்திற்குக் கொண்டு வந்திருக்கின்றார்! வீட்டை அளந்தபோது ஒரு கனமீட்டர் காற்றில் நொடிக்கு ஏறத்தாழ ஓரிலட்சம் அணுக்கள் சிதைந்துகொண்டிருந்தன. உலக நலவாழ்வு நிறுவனம் 2009-இல் வகுத்த வரம்பு நூறு. எக்காரணம் பற்றியும் முந்நூற்றைத் தாண்டுதல் ஆகாது என்பது அதன் அறிவுரை. யுரேனியம் செறிந்த பாறையின்மேல் அவ்வீடு கட்டப்பட்டிருந்ததே காரணம். குடும்பத்தார் வீட்டைவிட்டு வெளியேறினர். தரையின் கீழிருந்து வளியை உறிஞ்சி வெளியேற்றும் குழாய்கள் அமைக்கப்பட்டபின் மீண்டும் வந்து குடியேறினர்.

ரேடானை அளப்பதற்கு நம் நாட்டில் கையாளப்படும் முறை மிக எளியது. சிறு கிண்ணம் ஒன்றனுள் ஒருவகைப் பிளாஸ்டிக்குத் தகட்டை வைத்து, சுவரை ஒட்டாமல் அறையில் தொங்கவிடுவர். கிண்ணத்திற்குள் புகும் வளியின் கதிர் தகட்டில் பட்டுக் கண்ணுக்குத் தெரியாத வடுவை உண்டாக்கும். மூன்று மாதம் கழித்துத் தகட்டை எடுத்து வெந்நிலைக் காரநீரில் ஊறவைத்தால், வடுக்கள் அரிக்கப்பட்டுப் புள்ளிகளாகத் தோன்றும். அவற்றை உருப்பெருக்கியால் எண்ணினால் மூன்று மாதத்துச் சராசரி கிடைத்துவிடும். மின்சாரம் வேண்டா, பொறி வேண்டா, வீட்டார் செய்யவேண்டுவது அதனைத் தொடாதிருத்தல் ஒன்றே. கோடையில் ஒருமுறையும் மழைக்காலத்தில் ஒருமுறையும் வைத்துப் பார்ப்பது நன்று. மழைக்காலத்தில் சன்னல்களை அடைத்துவைப்பதால் வளி மிகும்.

இவ்வளவும் கற்றபின் என் பழைய மாணவரின் வீட்டிற்கு மீண்டும் சென்றேன். கிரானைட்டுக் கல்லில் யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் சுண்ணாம்புக் கல்லில் உள்ளதைவிட மிகுதி என்பது மெய்யே. ஓடுகளுக்குப் பளபளப்பு ஏற்றும் சிர்க்கான் பூச்சிலும், எரிந்த நிலக்கரிச் சாம்பலால் செய்த செங்கல்லிலும் இவை சிறிதளவு உண்டு. ஆயினும் விரலளவு கனமே உடைய தரைப்பலகையிலிருந்து வெளிப்படும் வளி, வீட்டின் கீழுள்ள மண்ணிலிருந்து எழுவதை நோக்க மிகச் சிறிது. கல்லைப் பெயர்த்தெறிய வேண்டுவதில்லை என்று அவரிடம் கூறினேன். அவருடைய மனைவியார் பெருமூச்செறிந்து, “இதற்காகவா ஐயா இத்தனை நாள் பாயை மாடியில் விரித்தோம்!” என்றார்.

அவ்வீட்டைச் சுற்றிப் பார்க்கையில் வேறொன்று என் கண்ணில் பட்டது. கீழ்த்தளத்துப் படுக்கையறையின் சன்னல்கள், குளிர்விக்கும் பொறி பொருத்தியதன் காரணமாக, இரவும் பகலும் அடைபட்டே கிடந்தன. சுவரில் மாட்டும் அப்பொறி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறையில் உள்ள காற்றையே மீண்டும் மீண்டும் குளிர்விப்பது. நம் முன்னோர் வீட்டின் நடுவே முற்றம் வைத்தனர். வாயிலுக்கு நேரே கொல்லைக் கதவு வைத்தனர். காற்று புகுந்து புறப்பட்டுக்கொண்டே இருந்தது. கருநாகப்பள்ளி வீடுகளும் அத்தகையனவே. இதனை அவரிடம் கூறினேன். இரவுப் பணிக்குச் சென்று பகலில் உறங்குபவர் அவர். சன்னலைத் திறந்தால் நெடுஞ்சாலையில் செல்லும் சுமையுந்துகளின் இரைச்சல் உறங்கவிடாது என்றார். அதுவும் நியாயமே. நாள்தோறும் மாலையில் ஒரு மணிநேரமேனும் இருபுறத்துச் சன்னல்களையும் திறந்துவைப்பது என்றும், தரையில் குழாய் நுழையும் இடத்து வெடிப்பைச் சுண்ணச்சாந்தால் அடைப்பது என்றும் முடிவு செய்தார். பல்கலைக்கழகத்தில் பயிலும் அவர் தம்பி, ஆய்வுக்கூடத்திலிருந்து அளவிக் கிண்ணம் ஒன்று பெற்றுத் தருவதாகக் கூறியிருக்கின்றார். அதனைக் கூடத்தில் தொங்கவிடுவதா, படுக்கையறையில் தொங்கவிடுவதா என்று அவர் கேட்டார். குழந்தைகள் உறங்கும் அறையில், கட்டிலுக்கு மேலே, அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் என்று கூறி வந்தேன்.